பழைய எல்.எஸ்.டி.க்கு இன்னும் எவ்வளவு ஆயுள்?

பழைய டிஃபரன்ஷியல் (இன்ஜினின் சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் கியர் தொகுதி) விற்கிறவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை மைல் ஓடியிருக்கு?" என்பதுதான். சாதாரண டிஃபரன்ஷியலுக்கு அந்தக் கேள்வி ஓரளவு சரி. எல்.எஸ்.டி., அதாவது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கு அது பத்தாது. 40,000 மைல் ஓடிய ஒன்று உள்ளே செத்துப் போயிருக்கும், ஒன்றரை லட்சம் மைல் ஓடிய இன்னொன்று புதிது மாதிரியே வேலை செய்யும். முதலில் தெரிய வேண்டியது அது எந்த வகை என்பதுதான், ஏனென்றால் ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு விதமாகக் கெடுகிறது, சிலவற்றைப் பிரித்துச் சரிசெய்யலாம், சிலவற்றைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். பாதி தேய்ந்த பிளேட் (தகடு) வகை ஒன்றும், "சூப்பரா இருக்கு" என்று விற்பவர் சத்தியம் செய்யும் விஸ்கஸ் (திரவம் அடைத்த) வகை ஒன்றும் ஒரே விலைக்கு வந்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு பிளேட்டைத்தான் எடுப்பேன். தேய்ந்ததை அளக்கலாம், அளந்ததை மாற்றலாம். அளக்கவும் முடியாமல் மாற்றவும் முடியாமல் இருப்பதை வாங்கினால், விற்பவருடைய வாய்ச்சொல்லுக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

நான் இருப்பது பிரிட்டனில், ஓட்டுவது மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் வந்த அந்தச் சின்ன இரண்டு சீட்டு வண்டிக்கு இங்கே பழைய பாகங்கள் நிறையவே கிடைக்கின்றன, கூடவே குழப்பமும் நிறையக் கிடைக்கிறது. அதனால் பெரும்பாலும் அதை வைத்தே பேசுகிறேன். பின்சக்கர ஓட்டம் உள்ள வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் சோதனை முறைகள் பொருந்தும்.

எல்.எஸ்.டி. எதற்கு என்று புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்சக்கரம் குறைந்த தூரம் போக வேண்டும், இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவது டிஃபரன்ஷியல். சாதாரண வகையில், அதாவது ஓப்பன் வகையில், இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு டார்க்தான் (சுழற்றும் விசை) போகும். ஒரு சக்கரம் ஈரப் புல்லில் நின்றால் அது எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மற்ற சக்கரத்துக்கும் கிடைக்கும், அதனால் ஒன்று சும்மா சுற்றும், வண்டி நகராது. மழை நாளில் ரவுண்டபவுட்டிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பாரம் குறைந்த உள்பக்கப் பின்சக்கரம் மட்டும் சீறுவதும் இதனால்தான். எல்.எஸ்.டி. இரண்டு பக்கத்துக்கும் நடுவே கொஞ்சம் பிடிப்பை வைத்து, பிடிமானம் உள்ள சக்கரத்துக்குக் கூடுதல் டார்க்கை அனுப்புகிறது. அந்தப் பிடிப்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன, ஆயுளும் அதைப் பொறுத்துத்தான்.

விஸ்கஸ் வகையை முதலில் முடித்துவிடலாம். மூடிய ஒரு டப்பாவுக்குள் துளையிட்ட மெல்லிய தகடுகள், சுற்றிலும் சிலிக்கோன் திரவம். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றினால் ஒன்றும் நடக்காது, வேக வித்தியாசம் வந்தால் திரவம் தகடுகளைப் பிடித்து இழுக்கும். ஆறிக்கொண்டிருக்கும் வெல்லப்பாகில் கரண்டியை விட்டுப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும், மெதுவாகத் தள்ளினால் போகும், வேகமாகத் தள்ளினால் எதிர்க்கும். 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5 காலத்தில், முக்கியமாக ஜப்பானிலிருந்து யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் இறக்குமதியான வண்டிகளில், இந்த வகை வந்தது. இன்றைக்கு அவற்றின் வயது முப்பதுக்கு மேல். அந்தத் திரவம் வெப்பத்திலும் உராய்விலும் நாளடைவில் வலு இழக்கிறது, டப்பா மூடியே கிடப்பதால் சாதாரணப் பட்டறையில் அதை மாற்ற வழியில்லை. மைல் குறைவாக ஓடியிருந்தாலும் வயது தப்புவதில்லை. வெளியே இருக்கிற கியர் ஆயிலை எத்தனை முறை மாற்றியிருந்தாலும் உள்ளே இருக்கிற சிலிக்கோனுக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது. இதைச் சொல்லாமல் "ஆயில் மாத்தி வெச்சிருக்கேன்" என்று விற்கிறார்கள்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தில் ஒரு நீளமான கம்பியைப் பொருத்தி, நுனியில் ஒரு எடையைத் தொங்கவிட்டு, கம்பி படுக்கைவாட்டத்திலிருந்து கீழே இறங்குவதைப் பார்க்க வேண்டும். உயிருள்ளது என்றால் கம்பி நிதானமாக, ஒரே சீராக இறங்கும். செத்தது என்றால் பொத்தென்று விழும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் நின்று நின்று போனால் உள்ளே தகடு ஒன்றோடொன்று உரசுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். குளிரில் திரவம் கெட்டியாக இருக்கும் என்பதால் ஜனவரி மாதக் கொட்டகையில் பார்த்த சோதனை நம்மை ஏமாற்றும், கொஞ்ச நேரம் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. அந்தக் காலத்து 1.6 வண்டிகளின் கிரவுன் வீல் (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) 6 அங்குலம், 1.8 வண்டிகளுக்கு 7 அங்குலம். டர்போ மாட்டி பவர் கூட்டியவர்கள் அந்தச் சின்ன டிஃபரன்ஷியலை உடைத்த கதைகள் ஏராளம். இத்தனையும் சேர்த்துப் பார்த்தால், வண்டியை அதன் பழைய நிலையிலேயே பாதுகாக்க விரும்புகிறவரைத் தவிர மற்றவர்களுக்கு விஸ்கஸ் வகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அடுத்தது கியர் வகை. டோர்சன் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்தது. வெர்னன் கிளீஸ்மன் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்து 1958-இல் காப்புரிமை வாங்கினார். தகடும் இல்லை, திரவமும் இல்லை, சாய்வான பல் வெட்டிய கியர்கள் மட்டும். டார்க் வரும்போது அந்தச் சாய்வின் காரணமாகக் கியர்கள் பக்கவாட்டில் தள்ளப்பட்டு கேஸிங்கையும் வாஷர்களையும் அழுத்துகின்றன, அந்த உராய்வுதான் பிடிப்பு. எம்எக்ஸ்-5-க்கு 1994-இல் 1.8 இன்ஜின் வந்தபோது இதுவும் வந்தது. இந்த வகையில் தேய்வதற்கு இருப்பது கெட்டியான எஃகுப் பற்களும் வாஷர்களும்தான், ஆயில் ஒழுங்காக இருந்தால் வண்டியின் ஆயுளுக்கு வரும். பழைய பாகம் வாங்குகிறவருக்கு இதைவிட நிம்மதியான வகை கிடையாது.

ஆனால் நல்ல டோர்சனைக் கெட்டது என்று நினைத்து விட்டுவிடுவதும், கெட்டதை நல்லது என்று நினைத்து வாங்குவதும் நடக்கிறது, காரணம் பிளேட் வகைக்கான சோதனையை இதற்கும் போடுவது. பினியனை (கிரவுன் வீலைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரத்தை) அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்தைத் திருப்பினால் டோர்சனிலும் மறுபக்கம் எதிர்த்திசையில்தான் சுற்றும், ஓப்பன் வகை மாதிரியே. உடனே "போச்சு, தேஞ்சிடுச்சு" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இதில் ஆரம்ப இறுக்கம் மிகக் குறைவு, டார்க் ஏறும்போதுதான் பிடிக்கும். ஒரு சக்கரம் முழுக்க அந்தரத்தில் தொங்கினால் டோர்சன் கிட்டத்தட்ட ஓப்பன் மாதிரிதான் நடந்துகொள்ளும், அது அதன் இயல்பு. அந்த நிலையில் ஓட்டுநர் பிரேக்கை லேசாக அழுத்தினால் அந்தரத்தில் சுற்றும் சக்கரத்துக்கு ஒரு எதிர்ப்பு கிடைத்து, மறுபக்கம் டார்க் போகும், வண்டி நகரும்.

டோர்சனில் நான் பார்ப்பது கையில் தெரிகிற உணர்வை. பினியன் ஃபிளாஞ்சை (ஷாஃப்ட்டை இணைக்கும் வட்டத் தகட்டை) ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒரு பக்கத்தை மெதுவாக, முழுச் சுற்று வரும்வரை திருப்புகிறேன். ஓப்பன் வகையை விடச் சற்றே கனமாக, ஆனால் எண்ணெயில் வழுக்குகிற மாதிரி சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் மணல் அரைபடுவது போலவோ, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் தட்டுவது போலவோ தெரிந்தால் பல்லில் காயம், அல்லது எப்போதோ உடைந்த ஒரு துணுக்கு உள்ளே சுற்றியிருக்கிறது. அடையாளம் காண்பதும் சுலபம், ஆக்சில் போகிற துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தால் ஓப்பன் வகையில் குறுக்கே ஒரு பின் தெரியும், டோர்சனில் அந்தக் குறுக்குப் பின் இல்லாததால் மறுபக்கம் வரை பார்வை போகும். "டோர்சன்" என்று விளம்பரம் செய்கிறவர்கள் பலர் இந்தப் படத்தைக் கேட்டவுடன் பதில் போடுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

எம்எக்ஸ்-5-இன் இரண்டாம் தலைமுறையின் பிற்பகுதியில் டோர்சனுக்குப் பதிலாக ஃபூஜி சூப்பர் எல்.எஸ்.டி. என்ற கூம்பு வகை வந்தது. கூம்பு கேஸிங்கை உரசித்தான் பிடிக்கிறது, கூம்பு தேய்ந்தால் கேஸிங்கும் சேர்ந்து தேயும், கடைசியில் ஓப்பன் வகை ஆகிவிடும். விலை மலிவாக இருக்கும். மலிவுக்குக் காரணம் அதுதான்.

இனி பிளேட் வகை. இதைப் பற்றித்தான் நான் நிறைய சொல்ல வேண்டும், பழையதாக விற்பனைக்கு வருவதில் ஆர்வமூட்டுகிறவை பெரும்பாலும் இவைதான். பிஎம்டபிள்யூ ஈ30, ஈ36-இல் தொழிற்சாலையிலிருந்தே வந்தவை, ஜப்பானிய காஸ், குஸ்கோ, ஓஎஸ் கிகென் போன்றவை தனியாக விற்றவை எல்லாம் இந்த இனம். உள்ளே கேஸிங்கில் காது மாட்டிய தகடுகளும், பக்க கியரின் ஸ்ப்லைனில் (நீளவாட்டுப் பள்ளங்களில்) மாட்டிய தகடுகளும் ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். நடுவில் இரண்டு பிரஷர் ரிங், அவற்றின் சாய்வான வெட்டில் குறுக்கு ஷாஃப்ட் உட்கார்ந்திருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்த ஷாஃப்ட் சாய்வில் ஏறி இரண்டு ரிங்கையும் விரித்து, தகடுகளை அழுத்தும். ஸ்பிரிங் வாஷர்கள் எப்போதும் ஒரு சின்ன அழுத்தத்தை வைத்திருக்கும், அதுதான் ஆரம்ப இறுக்கம்.

தகடு தேயத் தேய அடுக்கின் மொத்தக் கனம் குறையும், ஸ்பிரிங்கின் அழுத்தம் குறையும், ஒரு கட்டத்தில் ஸ்பிரிங்குக்கு எட்டாமல் அடுக்கு தளர்ந்துவிடும். அப்போதும் சாய்வு வேலை செய்யும், ஆனால் ரிங் கூடுதலாக நகர்ந்த பிறகுதான் பிடிக்கும். வளைவின் நடுவில் தாமதமாக, டக்கென்று பிடிக்கும், ஓட்டுபவருக்கு அது சுகமான அனுபவம் கிடையாது. ஒரு சக்கரம் பாரமிழந்தால் பிடிக்கவே பிடிக்காது. ஆக, பிளேட் வகையின் மிச்ச ஆயுள் என்பது மில்லிமீட்டரில் இருக்கிற ஒரு சங்கதி, அதை வெளியிலிருந்து ஊகிக்க இருக்கிற வழி, ஒரு பக்கத்தை நழுவ வைக்க எவ்வளவு டார்க் வேண்டும் என்று அளப்பது.

வண்டியிலேயே இருந்தால் இப்படிச் செய்யலாம். ஒரு பின்சக்கரம் தரையில், மற்றது ஜாக்கில், கியர் நியூட்ரல், முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை, ஹேண்ட் பிரேக்கை விட்டாயிற்று. தூக்கிய சக்கரத்தின் ஹப்பில் டார்க் ரெஞ்சைப் பொருத்தித் திருப்ப வேண்டும். கழற்றி மேசையில் இருந்தால் ஒரு பக்க ஃபிளாஞ்சை ஒரு கம்பியால் அசையாமல் பூட்டிவிட்டு மறுபக்கத்தைத் திருப்ப வேண்டும், ஃபிளாஞ்ச் இல்லாமல் ஸ்ப்லைன் துளை மட்டும் இருந்தால் பழைய ஆக்சில் ஷாஃப்ட் ஒன்றைக் கொண்டுபோக வேண்டும்.

டார்க் ரெஞ்ச் என்றால் கிளிக் அடிக்கிற வகை இதற்குச் சரிப்படாது, முள் காட்டுகிற வகை வேண்டும். அது இல்லாதபோது நான் கொண்டுபோவது ஒரு இரும்புக் கம்பியும், விமானப் பயணத்துக்கு சூட்கேஸ் எடை பார்க்கிற கொக்கித் தராசும். ஃபிளாஞ்சின் மையத்திலிருந்து சரியாக 1 மீட்டர் தூரத்தில் கம்பியில் ஒரு துளை போட்டு, அதில் கொக்கியை மாட்டுகிறேன். கம்பியைச் செங்குத்தாகத் தொங்க விட்டு, தராசைப் பக்கவாட்டில், கம்பிக்குச் செங்கோணமாக இழுக்கிறேன். கம்பி செங்குத்தாக இருப்பதால் அதன் சொந்த எடை கணக்கில் சேராது. தராசு காட்டுகிற கிலோ எதுவோ அதுதான் கிலோகிராம்-மீட்டர் கணக்கில் டார்க். 8 கிலோ காட்டினால் 8 கிலோகிராம்-மீட்டர், நியூட்டன் மீட்டரில் 78 சொச்சம்.

முக்கியமான விஷயம், முதல் அசைவுக்குக் காட்டுகிற உச்ச எண்ணைக் குறித்துக்கொள்ளக் கூடாது. நெடுநாள் சும்மா கிடந்த தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், முதலில் 15 காட்டிவிட்டு, அசைய ஆரம்பித்ததும் 4-க்கு இறங்கிவிடும். நகர்ந்துகொண்டிருக்கும்போது சீராகக் காட்டுகிற எண்தான் உண்மையான எண். இரண்டு மூன்று சுற்று திருப்பிவிட்டுப் பிறகு படிக்க வேண்டும். அந்த எண்ணைத் தயாரிப்பாளர் சொல்லும் எண்ணோடு ஒப்பிட்டால் நிலைமை தெரிந்துவிடும். புதிதில் 10 இருந்திருக்க வேண்டியது 7 காட்டினால் நிம்மதியாக மாட்டலாம். 4 காட்டினால் ஓட்டலாம், ஆனால் தகடு செலவையும் விலையில் கழித்துக்கொண்டு பேச வேண்டும். 1 அல்லது அதற்கும் கீழே என்றால் கேஸிங்குக்கும் பாகங்களுக்கும் உண்டான காசு மட்டும்தான்.

இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆயில் வடித்து மாதக்கணக்கில் கிடந்து துரு ஏறியதும் இறுக்கமாகத்தான் இருக்கும். தேய்ந்த தகடுகளுக்குப் பின்னால் கனமான ஷிம் (இடைவெளியை நிரப்பும் வளையம்) திணித்ததும் இறுக்கமாக இருக்கும், எண் பிரமாதமாக வரும், தகட்டில் உயிர் இருக்காது. வெல்டிங் செய்த ஓப்பன் டிஃபரன்ஷியல் எல்லாவற்றையும் விட இறுக்கம், இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் சுற்றும், அதையும் "ரொம்ப டைட்டான எல்.எஸ்.டி." என்று விற்றதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு ஆள் சேர்ந்து நீளக் கம்பி போட்டும் ஒரு பக்கம் தனியாக அசையவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிட வேண்டும்.

எண்ணை வைத்து முடிவு செய்ய முடியாதபோது பின்மூடியைத் திறக்கச் சொல்கிறேன். நியாயமான விற்பனையாளர் மறுக்க மாட்டார், எப்படியும் வாங்குகிறவர் சீலன்ட் போட்டு மூடத்தான் போகிறார். பிளேட் அடுக்கைப் பார்க்க இன்னும் உள்ளே பிரிக்க வேண்டும், அது பழைய கார் பிரிக்கும் யார்டில் நடக்காது, ஆனால் ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தால் ஒவ்வொரு தகடாக எடுத்துப் பார்க்கிறேன். மைக்ரோமீட்டரால் பல இடங்களில் கனம், சமதளக் கண்ணாடி மீது வைத்து ஃபீலர் கேஜால் வளைவு. நீலம் பாய்ந்த தகடு அதிகச் சூட்டைக் கண்டது, அந்த நீலம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் தகடு வளைந்து ஒரே இடத்தில் உரசியிருக்கிறது. காது உடைந்திருக்கிறதா, காது உட்காரும் கேஸிங் வெட்டில் படிபோலப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவினாலே தெரியும். பிறகு பிரஷர் ரிங்கின் சாய்வு. குறுக்கு ஷாஃப்ட் உட்கார்ந்து உட்கார்ந்து அங்கே ஒரு குழி விழுந்திருந்தால், புதிய தகடு போட்டாலும் ஷாஃப்ட் அந்தக் குழியில் சிக்கிச் சிக்கித்தான் ஏறும். தகடு கிடைக்கும், ரிங் கிடைப்பது கடினம், ஆகவே தகட்டை விட ரிங்கை நான் கவனமாகப் பார்க்கிறேன்.

வாங்குவதற்கு முன்பே அந்தத் தயாரிப்புக்கு இன்னும் தகடு விற்கிறார்களா என்று விசாரித்துவிட வேண்டும். காஸ், குஸ்கோ போன்றவர்கள் ஓவர்ஹால் பாகங்கள் விற்கிறார்கள். கேஸிங்கில் பெயரே இல்லாத ஒன்று என்றால், அதுவும் விஸ்கஸ் மாதிரி ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் பொருள்தான்.

மெதுவாக இறுக்கமான வளைவில் திரும்பும்போது பிளேட் வகை கடகடவென்று சத்தம் போடும். இதைப் பயந்துபோய் மலிவாக விற்றுவிடுகிறவர்கள் உண்டு. பல நேரங்களில் காரணம் ஆயில்தான், எல்.எஸ்.டி.க்கு உரிய ஆயில் ஊற்றினால், அல்லது அதற்கான சேர்மானம் சேர்த்தால், சத்தம் வெகுவாகக் குறையும். இறுக்கம் அதிகமுள்ள ரேஸ் வகை ஒன்று சத்தமே இல்லாமல் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். தொழிற்சாலையிலிருந்து வந்த மிதமான வகைகள் அமைதியாக இருப்பது சகஜம், அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு சம்பவம். தெரிந்த தம்பி ஒருவர் பிஎம்டபிள்யூ ஈ30-க்கு டிஃபரன்ஷியல் தேடிக்கொண்டிருந்தார். பின்மூடியின் போல்ட்டில் மாட்டிய சின்னத் தகரத் துண்டின் படத்தை அனுப்பி, "அண்ணா, எஸ் 3.73னு போட்டிருக்கு, வாங்கிடலாமா?" என்றார். அந்த எஸ் என்ற எழுத்து எல்.எஸ்.டி. என்பதற்கான அடையாளம், 3.73 என்பது கியர் விகிதம், எல்லாம் சரி. ஆனால் அந்தத் துண்டு ஒரு போல்ட்டில்தான் தொங்குகிறது, ஸ்பேனர் இருந்தால் இன்னொன்றில் மாட்ட அரை நிமிடம் போதும். "ஒரு ஃபிளாஞ்சைத் திருப்பி வீடியோ எடுக்கச் சொல்லுங்க தம்பி, ரெண்டு ஃபிளாஞ்சும் ஒரே ஃப்ரேம்ல தெரியணும்" என்றேன். வீடியோ வந்தது. ஒன்றை ஒரு விரலால் வலப்பக்கம் திருப்ப, மற்றது தங்குதடையின்றி இடப்பக்கம் சுற்றியது. உள்ளே ஓப்பன், அல்லது ஓப்பனுக்குச் சமமாகத் தேய்ந்த ஒன்று. எல்.எஸ்.டி. விலையில் அதை வாங்க ஒரு காரணமும் இல்லை, தம்பி விட்டுவிட்டார்.

எந்த வகையாக இருந்தாலும், முழு டிஃபரன்ஷியலாக வாங்கும்போது எல்.எஸ்.டி.யோடு கிரவுன் வீலையும் பினியனையும் பேரிங்குகளையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். டோர்சன் வாங்கினவர்கள் பிறகு ஊளைச் சத்தத்தோடு அவதிப்படுவது இதனால்தான், டோர்சன் நன்றாக இருக்கும், பினியன் பேரிங் போயிருக்கும். பினியன் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் துளியும் ஆட்டம் தெரியக் கூடாது. சுற்றினால் தடையின்றி, அதே சமயம் வழவழவென்று கட்டுப்பாடாகச் சுற்ற வேண்டும். முன்னும் பின்னும் திருப்பினால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி தெரியும், டயல் கேஜ் வைத்தால் சுமார் 0.1 மில்லிமீட்டர் கணக்கில் வர வேண்டும், கையிலேயே டொக் டொக்கென்று தெரிகிற அளவுக்கு இருந்தால் அதிகம். பினியன் நட்டை யாராவது கழற்றி மாட்டிய தடம் இருந்தால் நான் தயங்குவேன். உள்ளே நசுங்கிச் சரியான அழுத்தத்தைத் தருகிற ஒரு ஸ்லீவ் உண்டு, கண்மண் தெரியாமல் முறுக்கியிருந்தால் பேரிங்கின் கதை சீக்கிரம் முடிந்துவிடும். கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாக அரைபட்டுப் பழகியவை, ஒன்றை மட்டும் எடுத்து வேறொன்றோடு சேர்க்கக் கூடாது. எல்.எஸ்.டி.யை மட்டும் வாங்கித் தன் வண்டியின் ஹவுசிங்கில் பொருத்துகிறவர், ஷிம் போட்டு இடைவெளி சரிபார்க்கிற கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

ஆயில் நிறைய உண்மை பேசும், அதனால்தான் வடித்துவிட்ட டிஃபரன்ஷியலை விட வடிக்காததை நான் விரும்புகிறேன். கூரியரில் அனுப்ப வடிக்கத்தான் வேண்டும் என்றால், வடிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்லலாம். வடிகால் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருப்பது சாதாரணம். விரலில் தேய்த்தால் குத்துகிற ஊசித் துகள்கள் இருந்தால் பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. ஒரு முகம் பளபளப்பாக, ஒரு முகம் சொரசொரப்பாக இருக்கிற துண்டு கிடைத்தால் அது உடைந்த பல். பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கியர் ஆயிலுக்கே கந்தக நாற்றம் உண்டு, அதைக் கருகல் என்று நினைத்துவிடக் கூடாது. கருகல் வாடை வேறு, மூக்கைச் சுருக்கும்.

பிரிட்டனின் கார் பிரிக்கும் யார்டுகளில் நான் பார்க்கிற பெரிய கேடு மைலேஜோ தேய்மானமோ கிடையாது, மழை. ஆக்சிலை உருவிவிட்டு, துளைகளை மூடாமல் வெளியே போட்டுவிடுகிறார்கள். உள்ளே தண்ணீர் இறங்கி பேரிங்கின் உருளைகளில் துருப்புள்ளி விழுந்துவிடும், கிரவுன் வீலில் ஆயிலுக்கு மேலே நின்ற பாதிக்கு மட்டும் செம்பழுப்பு ஏறியிருக்கும். கையால் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் சரசரக்கும். இதற்கு ஆயில் மாற்றம் மருந்தாகாது. குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு வெளிப்புறத்தையும் தின்னும், ஹவுசிங்கைத் தாங்குகிற காதுகளும் வடிகால் பிளக்கும் என்ன கதியில் இருக்கின்றன என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

அந்த வண்டி எப்படி வாழ்ந்தது என்று தெரிந்துகொள்ள இங்கே ஓர் அருமையான வசதி இருக்கிறது. வண்டியின் பதிவெண் தெரிந்தால் எம்ஓடி எனப்படும் ஆண்டுச் சோதனையின் வரலாற்றை அரசின் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம், 2005 முதல் உள்ள சோதனைகள் கிடைக்கின்றன. மைலேஜ் ஆண்டுக்கு ஆண்டு எப்படி ஏறியது, டிஃபரன்ஷியலில் ஆயில் கசிவு என்று குறிப்பு இருக்கிறதா, பின் டயர் அடிக்கடி தேய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். நான்கு சோதனையில் தொடர்ந்து "ஆயில் கசிவு" என்று எழுதியிருந்தால் அந்த டிஃபரன்ஷியல் பல ஆண்டு குறைந்த ஆயிலில் ஓடியிருக்கிறது. பின் டயர்கள் இரண்டும் வேறு வேறு அளவாகவோ, ஒன்று புதிது ஒன்று மொட்டையாகவோ இருந்தால், நேர்ச்சாலையிலும் எல்.எஸ்.டி. ஓயாமல் நழுவிக்கொண்டே இருந்திருக்கும், பிளேட்டுக்கும் விஸ்கஸுக்கும் அது கெடுதல். பதிவெண் தர மறுக்கிற விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் இரண்டிலுமே பூட்டுகிற டூ-வே வகை வந்தால் டிரிஃப்ட் வண்டியிலிருந்து வந்ததா என்று கேட்கிறேன், ஆம் என்றால் தகடு மாற்ற வேண்டியது என்று வைத்தே விலை பேசுகிறேன்.

பொருத்தம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1.6 எம்எக்ஸ்-5-க்கு 1.8-இன் டோர்சன் மாட்டப் பலரும் ஆசைப்படுகிறார்கள், நல்ல ஆசைதான். ஆனால் ஹவுசிங்கோடு, 1.8-இன் ஆக்சில் ஷாஃப்ட்டுகளும் புரொபெல்லர் ஷாஃப்ட்டும் சேர்த்து வாங்க வேண்டும், தனியாக டிஃபரன்ஷியலை மட்டும் வாங்கினால் மீதியைத் தேடி அலைய நேரும். கியர் விகிதமும் மாறும், 1.6-இல் 4.3, 1994 முதல் 1997 வரை வந்த 1.8-இல் 4.1.

மாட்டிய பிறகு ஜிஎல்-5 தர ஆயில், 7 அங்குல வகைக்கு 1 லிட்டர் அளவு. பிளேட் வகையில் புதுத் தகடு போட்டிருந்தால், காலி மைதானம் ஒன்றில் மெதுவாக எட்டுப் போட்டு இரண்டு பக்கமும் தகடுகளைப் பழக்கி, சூடு இருக்கும்போதே ஆயிலை வடித்துவிடுங்கள், அந்த முதல் ஆயில் கறுப்பாக, உலோகப் பொடி மின்னிக்கொண்டு வரும், பயப்பட வேண்டாம். அடுத்த முறை வடிக்கும்போது மின்னல் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் பின்மூடியைத் திறந்து பாருங்கள்.